ஹோஸ்ட்நேம், டொமைன் நேம்: நிறுவும்போது வரும் அந்த இரண்டு பெட்டிகளில் என்ன எழுதுவது?

லினக்ஸ் நிறுவும்போது மொழி, விசைப்பலகை, வைஃபை என்று முதல் சில கேள்விகள் தடையில்லாமல் போய்விடும். அப்புறம் ஒரு பெட்டி வந்து நிற்கும்: ஹோஸ்ட்நேம் என்ன? எதையோ தட்டிவிட்டுத் தொடர்ந்தால் அடுத்த திரையில் இன்னொன்று: டொமைன் நேம் என்ன? தப்பாக எழுதிவிட்டால் இணையம் வராதோ, மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டியிருக்குமோ என்று இங்கேதான் பலரும் தயங்குகிறார்கள்.

அவசரத்தில் இருப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்துக்கொள்ளும் கணினி என்றால், முதல் பெட்டியில் சிறிய எழுத்துகளில் ஒரே ஒரு சொல். இரண்டாவது பெட்டி காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். தொடரும் பொத்தானை அழுத்துங்கள், ஒன்றும் ஆகாது. இரண்டையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நேரம் இருப்பவர்கள் மேலே படிக்கலாம். ஹோஸ்ட்நேமில் உங்கள் இஷ்டத்துக்கு இடம் உண்டு. டொமைனில் அவ்வளவாக இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் பெட்டிக்கு அரை மணி நேரம் யோசித்துவிட்டு, இரண்டாவதில் வாய்க்கு வந்ததை எழுதிவிடுகிறார்கள்.

ஒரு குறிப்பு: பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

எது எதைக் குறிக்கிறது

ஹோஸ்ட்நேம் என்பது அந்த ஒரு கணினியின் பெயர். டொமைன் நேம் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்வது. நடுவில் ஒரு புள்ளி வைத்து இரண்டையும் சேர்த்தால் கணினியின் முழுப்பெயர். கணினி 'முல்லை', டொமைன் 'ஹோம்.ஆர்ப்பா' என்றால் முழுப்பெயர் 'முல்லை.ஹோம்.ஆர்ப்பா'. முதல் புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது ஹோஸ்ட்நேம்; வலப்பக்கம் எத்தனை புள்ளிகள் வந்தாலும் எல்லாம் டொமைன்.

ஆரம்பத்தில் டொமைன் என்ற ஒன்றே கிடையாது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. அந்தக் கோப்பை ஓரிடத்தில் பராமரிப்பார்கள், மற்றவர்கள் நகலெடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. கணினிகள் பெருகியதும் இது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் முறை (பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தேடித் தருவது) வந்த பிறகுதான், வெவ்வேறு டொமைன்களில் ஒரே பெயர் இருக்கலாம் என்றானது. அந்தப் பழைய கோப்பின் வாரிசு இன்றும் உங்கள் கணினிக்குள் இருக்கிறது. அதைக் கீழே திறந்து பார்ப்போம்.

முதல் பெட்டி: ஹோஸ்ட்நேம்

எழுத்து விதிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரை எண்கள், ஹைஃபன். அவ்வளவுதான். இடைவெளி கூடாது, அண்டர்ஸ்கோர் கூடாது, ஹைஃபனில் தொடங்கவோ முடியவோ கூடாது, 63 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டை டிஎன்எஸ் பார்ப்பதில்லை. அதனால் எல்லாமே சிறிய எழுத்தாக இருப்பது நல்லது. எண்ணில் தொடங்கலாமா என்ற சந்தேகம் சிலருக்கு வரும். 1985இல் வந்த ஆர்எஃப்சி 952 என்ற விதி ஆவணம் அதைத் தடுத்தது; 1989இல் வந்த ஆர்எஃப்சி 1123 அனுமதித்துவிட்டது. ஆனாலும் முழுக்க எண்ணாகவே ஒரு பெயரை வைக்காதீர்கள். அதை ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்) என்று நினைத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு.

63 எழுத்து என்பது உச்சவரம்புதான். விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் 15 எழுத்துக்குள் நிறுத்துங்கள். விண்டோஸின் பழைய நெட்பயாஸ் முறை அதற்கு மேல் ஏற்காது.

தமிழ் எழுத்தில் பெயர் வைக்க முடியாதா? இணைய டொமைன்களைத் தமிழில் பதிவு செய்ய முடியும் என்பது உண்மை. அங்கே திரைக்குப் பின்னால் அந்தப் பெயர் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளின் ஹோஸ்ட்நேம் பெட்டி அந்த வேலையைச் செய்வதில்லை, தமிழில் தட்டினால் பெயர் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைப்பதில் ஒரு தடையும் இல்லை. நானே அப்படித்தான் வைக்கிறேன். ழகரம் வரும் சொற்களை மட்டும் தவிர்த்துவிடுகிறேன். 'தாழை' என்று வைத்துவிட்டு, அதற்கு 'இசட் எச்' போட்டேனா 'எல்' போட்டேனா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க முடியாது. 'குயில்', 'மயில்' வகைச் சொற்களில் இந்தக் குழப்பம் குறைவு.

சரி, எந்தப் பெயர்? கணினிக்குப் பெயர் வைப்பது எப்படி என்றே ஒரு ஆர்எஃப்சி இருக்கிறது: டான் லீப்ஸ் எழுதிய 1178, ஆண்டு 1990. அதில் உள்ள அறிவுரைகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் செல்லும். கணினி செய்யும் வேலையைப் பெயராக வைக்காதே என்கிறது, ஏனென்றால் வேலை மாறும். 'பேக்கப்' என்று பெயர் வைத்த கணினியில் அடுத்த வருடம் வீடியோ தொகுத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் சொந்தப் பெயரையும் வைக்காதே என்கிறது; ஆளைச் சொல்கிறோமா கணினியைச் சொல்கிறோமா என்று பேச்சில் குழம்பும். பூக்கள், பறவைகள், ஆறுகள் என்று ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு அதிலிருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவது அது பரிந்துரைக்கும் வழி. இரண்டு கணினி இருக்கும்போது இது விளையாட்டாகத் தெரியும். பழைய மடிக்கணினி, சிறிய சர்வர், இரண்டு மெய்நிகர் கணினிகள் என்று சேர்ந்த பிறகு, கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் எதற்குள் நிற்கிறோம் என்பதைச் சொல்வது அந்தப் பெயர்தான். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பயனர் பெயர், அட் குறி, ஹோஸ்ட்நேம் என்று வருமே, அதைப் பார்த்துத்தான் ரீபூட் கட்டளையைத் தட்டுவோம். 'சர்வர்1', 'சர்வர்2' என்று வைத்தவர் என்றாவது ஒருநாள் தவறான கணினியை அணைத்துவிடுவார்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் ஒரு பொது வைஃபையில் இணையும்போது, ஐபி முகவரி கேட்கும் கையோடு கணினி தன் ஹோஸ்ட்நேமையும் அந்த ரவுட்டரிடம் சொல்லிவிடுவது வழக்கம். உபுண்டு டெஸ்க்டாப் தானாக நிரப்பித் தரும் பெயரில் உங்கள் பயனர் பெயரும் மடிக்கணினியின் மாடலும் இருக்கும். அதை அப்படியே விட்டால், போகுமிடமெல்லாம் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே போகும். 2017இல் வந்த ஆர்எஃப்சி 8117 இந்தப் பழக்கத்தின் ஆபத்தைப் பேசுவதற்காகவே எழுதப்பட்டது. வெளியே எடுத்துச் செல்லும் கணினிக்கு ஆளையோ நிறுவனத்தையோ காட்டிக்கொடுக்காத பெயர்தான் சரி.

'லோக்கல்ஹோஸ்ட்' என்று மட்டும் வைக்காதீர்கள். அது ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் பொதுப் பெயர்.

இரண்டாவது பெட்டி: டொமைன் நேம்

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றிவிடுவோம். இந்தப் பெட்டியில் ஒரு டொமைனை எழுதினால் அது உங்கள் பெயரில் பதிவாகிவிடாது. வாசலில் பெயர்ப்பலகை மாட்டினால் பத்திரப்பதிவு ஆகிவிடுமா என்ன? அதேபோல, இங்கே எழுதாமல் விட்டால் இணையம் வராது என்பதும் இல்லை. வலைத்தளங்களைப் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

அப்படியானால் இது என்னதான் செய்கிறது? இரண்டு வேலைகள். ஒன்று, கணினியின் முழுப்பெயரை அமைக்கிறது. அஞ்சல் சர்வர் போன்ற சில மென்பொருள்கள் அந்த முழுப்பெயரை எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது, தேடும்போது ஒட்டிக்கொள்ளும் வாலாகப் பயன்படுகிறது. 'பிரிண்டர்' என்று வெறும் பெயரைத் தட்டினால், கணினி அதன் பின்னால் டொமைனை ஒட்டி 'பிரிண்டர்.இன்னது' என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கும்.

இந்த இரண்டாவது வேலையில்தான் வில்லங்கம். கேட்க நன்றாக இருக்கிறதே என்று 'என்வீடு.காம்' என்று எழுதிவிட்டீர்கள், அந்தப் பெயரை உலகத்தில் வேறொருவர் பதிவு செய்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிண்டரைப் பற்றிய கேள்வி அவருடைய டிஎன்எஸ் சர்வருக்குப் போகும். எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரே முகவரியைத் தரும்படி அவர் அமைத்திருந்தால், உங்கள் பிரிண்டரைத் தேடிப் போய் அவர் சர்வரின் வாசலில் நிற்பீர்கள். தற்போது யாரிடமும் இல்லாத பெயர்தானே என்ற சமாதானமும் நிலைக்காது. '.டெவ்' என்ற முடிவை நிரலாளர்கள் பலர் தங்கள் சொந்தக் கணினிக்குள் சோதனைக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். அது பிறகு கூகுளின் கைக்குப் போனது. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63, '.டெவ்' என்று முடிகிற எல்லாவற்றையும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகத்தான் திறப்பேன் என்றதும் அந்தச் சோதனைத் தளங்கள் திறக்காமல் போயின.

எனவே இந்தப் பெட்டியில் எழுதத் தகுந்தவை இவ்வளவுதான்:

காலி. ஒரே ஒரு கணினி, அல்லது ரவுட்டரோடு இணைந்த இரண்டு மூன்று கணினிகள் என்றால் இதுவே போதும். பெட்டியில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அது ரவுட்டர் தந்தது. 'லேன்' போன்ற சொல்லாக இருந்தால் அப்படியே விடலாம். இணையச் சேவை தருபவரின் டொமைன் வந்து உட்கார்ந்திருந்தால் நான் அழித்துவிடுவேன்.

'ஹோம்.ஆர்ப்பா'. வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே 2018இல் ஆர்எஃப்சி 8375 மூலம் ஒதுக்கப்பட்டது. யாரும் இதை வாங்க முடியாது, யாரோடும் மோதாது. வீட்டில் நாலைந்து கணினிகளைப் பெயர் சொல்லி அழைக்க விரும்புகிறவர் எல்லாவற்றிலும் இதையே எழுதலாம். கொஞ்சம் நீளம், பார்க்க அழகில்லை; ஆனால் சரியான விடை இதுதான்.

'இன்டர்னல்'. உள் பயன்பாட்டுக்கு மட்டும் என்று இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2024இல் ஒதுக்கிவைத்தது. சிறிய அலுவலகத்துக்கு இது பொருந்தும்.

நீங்களே பணம் கட்டிப் பதிவு செய்திருக்கும் டொமைன். வெளியுலகம் வந்து சேர வேண்டிய சர்வர் என்றால் இது ஒன்றுதான் வழி. வீட்டுக் கணினிகளுக்கும் பயன்படுத்தலாம், அப்போது 'வீடு.உங்கள்டொமைன்' என்று ஒரு கிளை பிரித்துக்கொண்டால் வெளியே உள்ள வலைத்தளத்தோடு குழம்பாது.

அலுவலகக் கணினி என்றால் இதில் எதுவும் வேண்டாம். நிர்வாகியிடம் கேட்டு அவர் சொல்வதை எழுதுங்கள்.

'லோக்கல்' என்று எழுதலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும், ஏனென்றால் பல கணினிகளில் அதைப் பார்த்திருப்பீர்கள். எழுத வேண்டாம். '.லோக்கல்' என்பதை 2013இல் ஆர்எஃப்சி 6762 வேறொரு முறைக்கு ஒதுக்கிவிட்டது: எம்டிஎன்எஸ். மேக், ஐபோன், பிரிண்டர்கள், லினக்ஸில் அவாஹி என்ற சேவை எல்லாம் டிஎன்எஸ் சர்வரே இல்லாமல் ஒன்றையொன்று கண்டுகொள்வது இதன் மூலம்தான். நீங்களும் அதையே டொமைனாக எழுதினால், பெயரை யாரிடம் கேட்பது என்று இரண்டு முறைகளும் முட்டிக்கொள்ளும். சில கணினியில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. காரணம் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

எந்த நிறுவி எங்கே கேட்கும்

மேலே சொன்னபடி இரண்டையும் தனித்தனித் திரையில் கேட்பது டெபியன். நெட்வொர்க் இணைப்பு முடிந்ததும், ரூட் (தலைமை நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல்லுக்கு முன்னால் வரும். முதல் பெட்டியில் 'டெபியன்' என்று நிரப்பியிருக்கும். அழித்துவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள்.

உபுண்டு டெஸ்க்டாப்பில் தனித் திரை இல்லை. உங்கள் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே 'கணினியின் பெயர்' என்று ஒரு வரி இருக்கும். டொமைனை அது கேட்பதே இல்லை. அதற்காகத் தேட வேண்டாம். ஃபெடோரா சர்வர், ரெட் ஹாட் வகைகளில் 'நெட்வொர்க் மற்றும் ஹோஸ்ட்நேம்' என்ற பகுதிக்குள் போனால் ஒரே பெட்டி இருக்கும். அதில் முழுப்பெயரையும் எழுதலாம், குறுகிய பெயரை மட்டும்கூட எழுதலாம். ஆர்ச் லினக்ஸில் நீங்களே ஒரு கோப்பில் எழுத வேண்டும்.

விண்டோஸ் 11 முதல்முறை இயங்கும்போது சாதனத்துக்குப் பெயர் வைக்கச் சொல்லும். தவிர்த்துவிட்டால் 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி, ஒரு ஹைஃபனும் கலவையான எழுத்துகளும் சேர்ந்த பெயரை அதுவே வைத்துக்கொள்ளும். கவனம்: விண்டோஸில் டொமைன் என்று சொன்னால் பெரும்பாலும் அலுவலகக் கணினிகளையும் கணக்குகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியைக் குறிக்கும். அது இங்கே பேசும் டொமைன் பெட்டியிலிருந்து வேறுபட்ட சமாச்சாரம். வீட்டுக்குத் தேவையில்லை, விண்டோஸ் ஹோம் பதிப்பில் அதில் சேரவும் முடியாது. மேக் எதையும் கேட்காமல் உங்கள் பெயரிலிருந்து ஒன்றை உருவாக்கிவிடும். அமைப்புகளில் போய் மாற்றிக்கொள்ளலாம்.

நிறுவி முடிந்ததும் பார்க்க வேண்டியது

டெர்மினலைத் திறந்து 'ஹோஸ்ட்நேம்' என்று தட்டுங்கள். குறுகிய பெயர் வரும். அதே கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, ஹைஃபனும் 'எஃப்' எழுத்தும் சேர்த்துத் தட்டினால் முழுப்பெயர் வர வேண்டும். டொமைனைக் காலியாக விட்டவருக்கு இரண்டிலும் ஒரே விடை வரும், அது பிழையில்லை.

இந்தப் பெயர்கள் இரண்டு கோப்புகளில் இருக்கின்றன, இரண்டும் 'ஈடிசி' அடைவுக்குள். 'ஹோஸ்ட்நேம்' என்ற கோப்பில் ஒரே ஒரு வரி, பெயர் மட்டும். 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்புதான் முன்பு சொன்ன ஆர்ப்பாநெட் கோப்பின் வாரிசு. டெபியனில் அதன் முதல் இரண்டு வரிகள் இப்படி இருக்கும்:

127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட்
127.0.1.1 முல்லை.ஹோம்.ஆர்ப்பா முல்லை

127இல் தொடங்கும் முகவரிகள் எல்லாம் கணினி தன்னையே குறிப்பவை. மடிக்கணினிக்கு நிரந்தர ஐபி கிடையாது, ஒவ்வொரு வைஃபையிலும் மாறும். எங்கே இருந்தாலும் தன் பெயர் தனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக டெபியன் இந்த 127.0.1.1 என்பதை வைக்கிறது. நிலையான ஐபி கொடுத்து நிறுவினால் அந்த இடத்தில் அந்த ஐபியே இருக்கும். வரிசையைக் கவனியுங்கள்: முழுப்பெயர் முதலில், குறுகிய பெயர் பிறகு. மாற்றி எழுதினால் முழுப்பெயரைக் கேட்கும் கட்டளை குறுகிய பெயரையே தரும்.

பெயர் வைத்தாயிற்று, மற்ற கணினிக்குத் தெரியவில்லையே?

தெரியாதுதான். மேலே பார்த்த கோப்புகள் உங்கள் கணினிக்குள்ளேயே இருப்பவை. மற்றவர்களுக்குத் தெரிய மூன்று வழிகள் உண்டு. பல ரவுட்டர்கள், ஐபி கொடுக்கும்போது கணினி சொன்ன பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு மற்றவர்கள் கேட்டால் சொல்லும். அது இல்லாவிட்டால் எம்டிஎன்எஸ்: டொமைன் பெட்டியில் எதை எழுதியிருந்தாலும், அவாஹி ஓடும் கணினியை 'முல்லை.லோக்கல்' என்று அழைத்தால் கிடைக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். கடைசி வழி, மற்ற கணினிகளின் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் கையால் எழுதிவைப்பது. ஐபி மாறாதபடி ரவுட்டரில் நிறுத்திவைத்தால்தான் இது பலிக்கும்.

வெளியுலகுக்கான சர்வர் என்றால், டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பதிவு போட வேண்டும். அஞ்சல் அனுப்பும் சர்வராக இருந்தால் இன்னும் ஒரு படி: ஐபியிலிருந்து பெயரைத் தேடினாலும் அதே முழுப்பெயர் வர வேண்டும். பொருந்தாவிட்டால் பல அஞ்சல் சேவைகள் உங்கள் கடிதத்தை எரிதத்தில் தள்ளும் அல்லது வாங்கவே மறுக்கும்.

பிடிக்காத பெயரை மாற்ற

நிர்வாகி உரிமையோடு, 'ஹோஸ்ட்நேம்' என்பதன் பின்னால் சி, டி, எல் ஆகிய மூன்று எழுத்துகளை ஒட்டினால் வரும் கட்டளையை எழுதி, அதன்பின் 'செட்-ஹோஸ்ட்நேம்' என்றும் புதிய பெயரையும் தட்டுங்கள். உடனே 'ஹோஸ்ட்ஸ்' கோப்பைத் திறந்து அங்கேயும் பழைய பெயரை மாற்றுங்கள். டொமைனை மாற்றுவதும் பெரும்பாலும் இந்த வரியில்தான். இதை மறந்தால், சூடோ (நிர்வாகி உரிமையோடு இயக்கச் சொல்லும் கட்டளை) போட்டு எந்தக் கட்டளை கொடுத்தாலும் ஹோஸ்ட்டைக் கண்டறிய முடியவில்லை என்று ஒரு வரி வந்து நிற்கும். வேலை நடக்கும், ஆனால் சில நொடிகள் தாமதமாகலாம். திறந்திருக்கும் டெர்மினலில் பழைய பெயரே தெரிந்தால் மூடித் திறங்கள். வாடகை மெய்நிகர் சர்வர்களில் மறுதொடக்கத்துக்குப் பின் பழைய பெயரே திரும்பி வந்தால், அது கிளவுட்-இனிட் என்ற சேவையின் வேலை. ஹோஸ்ட்நேமைத் தொடாதே என்று அதன் அமைப்புக் கோப்பில் சொல்ல வேண்டும்.

மாறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களும் உண்டு. டெபியனில் எல்விஎம் என்ற வட்டு மேலாண்மை முறையில் வட்டைப் பிரிக்கச் சொல்லியிருந்தால், அந்தத் தொகுதியின் பெயரில் நிறுவும்போது கொடுத்த ஹோஸ்ட்நேம் இருக்கும். தொலைவிலிருந்து வேறொரு கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவியின் கடைசியில் குறிப்பாகவும் இருக்கும். இரண்டாலும் தொந்தரவு இல்லை, அப்படியே விடலாம். குரோமியத்தையோ குரோமையோ திறந்து வைத்துக்கொண்டே பெயரை மாற்றினால்தான் ஒரு சின்ன வேடிக்கை: அடுத்த முறை திறக்கும்போது, இந்த புரொஃபைல் வேறொரு கணினியில் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி உள்ளே விடாது. அந்த வேறொரு கணினி உங்களுடையதுதான், பழைய பெயரில். உலாவியை முழுக்க மூடிவிட்டு, அதன் புரொஃபைல் அடைவில் 'சிங்கிள்டன்லாக்' என்று இருப்பதை அழித்தால் திறந்துவிடும்.